கூட்டுக, கழிக்க, பெருக்குக, வகுக்க: வாசகர் கேள்வி – பதில்

தொடக்கப் பள்ளிக் கணக்கில் வரும் தமிழ்ச் சொற்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் விடை அளிக்கிறோம். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்தால், அவற்றுள் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்குக் கழித்தல் சொல்லிக் கொடுக்கும்போது, "பக்கத்து எண்ணிடம் ஒன்று கடன் வாங்கு" என்றேன். "எப்போது திருப்பிக் கொடுக்க வேண்டும்?" என்று கேட்கிறான். அவனுடைய பாடநூலில் "இனமாற்றம்" என்று இருக்கிறது. எந்தச் சொல்லைச் சொல்லித் தருவது?
— வாசகி, பெரம்பூர்

உங்கள் மகன் கேட்டது நியாயமான கேள்வி. கடன் என்றால் திருப்பித் தர வேண்டும் என்று அவனுக்கு வீட்டில் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். கணக்கில் மட்டும் திருப்பித் தராமல் விட்டுவிடுவது அவனுக்கு உறுத்துகிறது. உண்மையில் அங்கே கடன் எதுவும் நடப்பதில்லை. ஒன்றுகள், பத்துகள், நூறுகள் என்று ஒவ்வொன்றும் ஓர் இனம். ஓர் இனத்தை மற்றோர் இனமாக மாற்றிக்கொள்வதுதான் இனமாற்றம். பாடநூலின் சொல் சற்றுக் கனமாக ஒலித்தாலும், நடப்பதை அதுவே சரியாகச் சொல்கிறது.

52 இலிருந்து 27ஐக் கழிக்கும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பத்து ரூபாய்த் தாள்களையும் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களையும் அவன் கையில் கொடுத்து, உங்களுக்கு 27 ரூபாய் தரச் சொல்லுங்கள். இரண்டு தாள்களைத் தந்துவிடுவான். ஏழு நாணயங்களுக்கு அவனிடம் வழி இருக்காது. அப்போது, "ஒரு தாளைச் சில்லறை மாற்றிக்கொள்" என்று சொல்லி, அவன் கொடுக்கும் பத்து ரூபாய்க்குப் பத்து நாணயங்களைத் தாருங்கள். மாற்றிய பிறகும் அந்தப் பணம் அதே 52 ரூபாய்தான் என்பதை அவனே எண்ணிப் பார்க்கட்டும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், ஏனெனில் எண்ணின் மதிப்பு மாறவில்லை, உருவம் மட்டுமே மாறியது என்பது விளங்கிவிட்டால் இனமாற்றம் முழுவதும் விளங்கியதாகும். இப்போது அவனிடம் நான்கு பத்துகளும் பன்னிரண்டு ஒன்றுகளும் இருக்கின்றன. பன்னிரண்டில் ஏழு போக ஐந்து, நான்கில் இரண்டு போக இரண்டு, ஆக 25.

நடுவில் பூஜ்ஜியம் வரும் எண்களில் பிள்ளைகள் தடுமாறுவதற்கும் இந்தக் "கடன்" என்ற சொல்லே பெரும்பாலும் காரணம். 402 இலிருந்து 178ஐக் கழிக்கும்போது, ஒன்றுமில்லாத பூஜ்ஜியத்திடம் எப்படிக் கடன் கேட்பது என்று குழந்தை திகைத்து நிற்கிறது. ஒரு நூறு பத்துப் பத்துகளாக மாறுகிறது, அந்தப் பத்துகளில் ஒன்று மறுபடியும் பத்து ஒன்றுகளாக மாறுகிறது என்று சொன்னால், மூன்று நூறுகள், ஒன்பது பத்துகள், பன்னிரண்டு ஒன்றுகள் என்று கணக்கு கண்ணெதிரே வரிசையாக நிற்கும், விடை 224.

கூட்டலில் "மனதில் ஒன்று" என்று சொல்லும் வழக்கத்தையும் இதே போலக் கவனியுங்கள். 38உடன் 27ஐக் கூட்டும்போது, எட்டும் ஏழும் பதினைந்து, ஐந்து போட்டு மனதில் ஒன்று என்கிறோம். அந்த "ஒன்று" உண்மையில் ஒரு பத்து. "மனதில் ஒரு பத்து" என்று சொல்லிப் பழக்கினால், அதை எந்த வரிசையில் சேர்ப்பது என்ற குழப்பம் எழாது. அரசுப் பள்ளிகளில் முதல் மூன்று வகுப்புகளுக்காக 2022இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி உங்கள் மகன் படித்திருந்தால், பொருள்களைத் தொட்டு எண்ணும் செயல்பாடுகள் அவனுக்குப் புதியவையாக இருக்கமாட்டா.

என் பேத்தி ஆங்கில வழிப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். கணக்கில் கெட்டிக்காரி. ஆனால் தமிழில் "7ஐ 20இலிருந்து கழிக்க" என்று கொடுத்தால், 7 − 20 என்று எழுதிவிட்டு, செய்ய முடியாது என்கிறாள். தமிழ்க் கலைச்சொற்களின் பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்ய வைக்கலாமா?
— வாசகர், மேற்கு மாம்பலம்

பட்டியல் வேண்டாம், ஐயா. கழித்தல் என்ற சொல் உங்கள் பேத்திக்குத் தெரிந்தே இருக்கிறது. தெரியாதிருந்தால் இடையில் கழித்தல் குறியைப் போட்டிருக்க மாட்டாள். அவள் கவனிக்காமல் விட்டது வேற்றுமை உருபுகளை. தமிழில் எந்த எண் முதலில் வருகிறது என்பதைக் கொண்டு எதிலிருந்து எதைக் கழிப்பது என்று முடிவு செய்ய முடியாது. "20இலிருந்து 7ஐக் கழிக்க" என்றாலும், "7ஐ 20இலிருந்து கழிக்க" என்றாலும் கணக்கு ஒன்றுதான். "இலிருந்து" எந்த எண்ணோடு ஒட்டியிருக்கிறதோ அது குறைகிறது, "ஐ" எதனோடு ஒட்டியிருக்கிறதோ அது எடுக்கப்படுகிறது. வகுத்தலிலும் அப்படியே: "24ஐ 6ஆல் வகுக்க" என்பதில், "ஐ" பெற்ற எண் பங்கிடப்படுகிறது, "ஆல்" பெற்ற எண் பங்கிடுகிறது.

இதற்குக் கண்கூடான ஒரு சோதனை உண்டு. அந்தக் கேள்வியை அவளை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அச்சில் எண் ஒரு துண்டாகவும் உருபு மற்றொரு துண்டாகவும் தெரிவதால், பல பிள்ளைகள் "ஏழு, ஐ, இருபது, இலிருந்து, கழிக்க" என்று பிரித்துப் பிரித்துப் படிக்கிறார்கள். அப்படிப் படிக்கும் வரையில் அது வெறும் ஒலி வரிசையே. "ஏழை இருபதிலிருந்து கழிக்க" என்று சேர்த்துப் படித்தவுடன், "தட்டிலிருந்து தோசையை எடு" என்பதைப் போலவே அது ஓர் உயிருள்ள வாக்கியமாகிவிடும். எண்களை உருபோடு சேர்த்து வாசிப்பதற்கு மட்டும் தினமும் சிறிது நேரம் ஒதுக்குங்கள். விடை கண்டுபிடிக்கவே வேண்டாம். "பன்னிரண்டோடு மூன்றைக் கூட்டுக", "பதினைந்தை ஐந்தால் வகுக்க", "எட்டின் மூன்று மடங்கு" என்று அவள் வாயில் சரளமாக வரட்டும்.

கூட்டுக, பெருக்குக, காண்க என்னும் வினை வடிவங்களைக் குழந்தைகள் வீட்டில் கேட்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். "கழிக்க", "வகுக்க" என்பவற்றைப் "படிக்க", "எழுத" என்பவற்றைப் போல எச்சமாக எடுத்துக்கொண்டு, வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று நினைக்கும் பிள்ளைகளும் உண்டு. "வகுக்க என்றால் வகுத்துக் காட்டு என்று பொருள்" என ஒரு முறை சொல்லிவிட்டால் போதும்.

எங்கள் பகுதியில் ஒரு டியூஷனில், "மொத்தம் என்று வந்தால் கூட்டு, மீதி என்று வந்தால் கழி, அதிகம் என்று வந்தால் கூட்டு" என்று பெரிய சார்ட் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். வாக்கியக் கணக்குகளுக்கு இது நல்ல வழிதானா?
— வாசகி, அம்பத்தூர்

நல்ல வழி அல்ல என்று உறுதியாகச் சொல்கிறேன். எளிய கணக்குகளில் அந்தச் சார்ட் சரியான விடையைத் தந்துவிடும். தீங்கு அங்கேதான் தொடங்குகிறது. முழு வாக்கியத்தையும் படிக்காமல், ஒரு சொல்லை மட்டும் தேடிப் பிடித்து, கண்ணில் பட்ட இரண்டு எண்களை வைத்து ஏதோ ஒன்றைச் செய்துவிடும் பழக்கம் குழந்தைக்கு ஊறிவிடும்.

மூன்று கணக்குகளைப் பாருங்கள். "கயலிடம் 12 பென்சில்கள் உள்ளன. அவை மலரிடம் உள்ளவற்றைவிட 5 அதிகம். மலரிடம் எத்தனை?" சார்ட்டை நம்பும் குழந்தை 17 என்று எழுதும்; சரியான விடை 7. "பேருந்திலிருந்து 14 பேர் சென்ட்ரலில் இறங்கினர். மீதி 23 பேர் பயணத்தைத் தொடர்ந்தனர். முதலில் பேருந்தில் இருந்தவர்கள் எத்தனை பேர்?" இதில் "மீதி" இருக்கிறது, ஆனால் செய்ய வேண்டியது கூட்டல், விடை 37. "வகுப்பில் மொத்தம் 34 பேர். அவர்களில் 16 பேர் சிறுமியர். சிறுவர் எத்தனை பேர்?" இதில் "மொத்தம்" இருக்கிறது, செய்ய வேண்டியது கழித்தல், விடை 18.

சார்ட்டுக்குப் பதிலாக, கணக்கைத் தன் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பென்சில் கணக்கில் "யாரிடம் அதிகம், யாரிடம் குறைவு?" என்று மட்டும் கேளுங்கள், எண்களைத் தொட வேண்டாம். கயலிடம்தான் அதிகம் என்று குழந்தை சொல்லிவிட்டால், மலருக்கு 17 வர வழியில்லை என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

விளக்கிச் சொல்ல வேண்டிய சொற்கள் சில உண்மையாகவே இருக்கின்றன. "தலா", "வீதம்", "ஆளுக்கு", "மடங்கு", "வித்தியாசம்" ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. "20க்கும் 13க்கும் உள்ள வித்தியாசம் என்ன?" என்று கேட்டால், "இருபதில் பூஜ்ஜியம் இருக்கிறது, பதின்மூன்றில் இல்லை" என்று ஒரு குழந்தை சொல்லுமானால், அன்றாடத் தமிழின்படி அந்த விடை சரியே. கணக்கில் வித்தியாசம் என்பது ஒன்று மற்றொன்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும் குறிக்கும் என்று சொல்லித்தர வேண்டியது நம் பொறுப்பு. "வீதம்" என்ற சொல்லைப் பல பிள்ளைகள் படிக்காமலே தாண்டிச் செல்கிறார்கள். "கிலோ 40 ரூபாய் வீதம் 3 கிலோ தக்காளி" என்பதை அடுத்த முறை கடைக்கு அழைத்துப் போகும்போது அங்கேயே சொல்லிக் காட்டுங்கள்.

சொல்வதை எழுதச் சொன்னால், "நூற்று நான்கு" என்பதை 1004 என்று எழுதுகிறாள் இரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள். தொண்ணூறு, தொள்ளாயிரம் என்றாலே குழம்பிவிடுகிறாள். எப்படித் திருத்துவது?
— வாசகர், மடிப்பாக்கம்

அவள் காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதுகிறாள்: நூறு, அதாவது 100, பிறகு நான்கு. இதைத் திருத்தத் தமிழ் எண்ணுப்பெயர்களிலேயே வழி இருக்கிறது.

முதலாவது, "நூறு" என்பதும் "நூற்று" என்பதும் காதுக்குத் தரும் செய்தி வேறு. நூறு என்றால் எண் முடிந்துவிட்டது. நூற்று என்றால் இன்னும் வரப்போகிறது. இருபது, இருபத்து, ஆயிரம், ஆயிரத்து ஆகியவையும் அப்படியே. "நூற்று" என்று கேட்டவுடன் 1 எழுதிவிட்டு, பத்துகளுக்கும் ஒன்றுகளுக்குமாக இரண்டு கட்டங்களைக் காலியாக வைத்துக் காத்திருக்கப் பழக்குங்கள். பத்துகளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் நேரே "நான்கு" வந்தால், நடுக் கட்டத்துக்குப் பூஜ்ஜியம்.

இரண்டாவது, சிறிய எண் முன்னால் வந்தால் பெருக்கல், பின்னால் வந்தால் கூட்டல். முப்பது என்பது மூன்று பத்து. பதின்மூன்று என்பது பத்தும் மூன்றும். முந்நூறு, நூற்று மூன்று. மூவாயிரம், ஆயிரத்து மூன்று என்று சோடி சோடியாகச் சொல்லிப் பாருங்கள். "ஈரைந்து பத்து, மூவைந்து பதினைந்து" என்று பாட்டிமார் ஒப்புவிக்கும் வாய்ப்பாட்டிலும் இதே அமைப்புத்தான் இருக்கிறது, ஆகவே அந்த வாய்ப்பாட்டைப் பழையது என்று ஒதுக்கிவிட வேண்டாம். பின்னங்களிலும் பெருக்கல், கூட்டல் இரண்டும் வருவது எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது: முக்கால் என்பது மூன்று கால், மூன்றே கால் என்பது மூன்றும் காலும். ஏறத்தாழ முழுவதும் என்னும் பொருளில் நாம் வழங்கும் "முக்காலே மூன்று வீசம்" என்ற தொடரில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு. முக்காலுக்குப் பன்னிரண்டு வீசம், அதனோடு மூன்று, ஆகப் பதினாறில் பதினைந்து பங்கு.

ஒன்பது மட்டும் இந்த ஒழுங்குக்கு அடங்குவதில்லை. எண்பதுக்கு அடுத்து வருவது "நூறு" என்ற ஒலியோடு முடிகிறது, ஆனால் 90. எண்ணூறுக்கு அடுத்து வருவது "ஆயிரம்" என்ற ஒலியோடு முடிகிறது, ஆனால் 900. அதற்கு மேல் ஒன்பதாயிரம் மறுபடியும் ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. தொள்ளாயிரத்தையும் ஒன்பதாயிரத்தையும் அடுத்தடுத்துச் சொல்லி எழுத வைத்தால் குழப்பம் எங்கே என்பது வெளிப்பட்டுவிடும். பழந்தமிழில் ஒன்பதுக்குத் "தொண்டு" என்ற பெயரும் உண்டு என்பது பெற்றோர் அறிந்துகொள்ள. இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு அது தேவையில்லை. தொண்ணூறு, தொள்ளாயிரம் ஆகிய இரண்டும் விதிவிலக்குகள் என்று சொல்லித் தனியாகவே பயிற்சி கொடுங்கள்.

பின்னத்தில் மேலே இருப்பது தொகுதியா, பகுதியா? என் மகன் ஒவ்வொரு தேர்விலும் மாற்றி எழுதுகிறான்.
— வாசகி, தண்டையார்பேட்டை

மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. தேர்தல் தொகுதியையும் "எங்கள் பகுதி" என்ற பேச்சையுமே கேட்டுப் பழகிய பிள்ளைக்கு இரண்டும் ஊர்ப்பெயர் போலத் தோன்றுவதில் வியப்பில்லை. வினைச்சொல்லிலிருந்து தொடங்குங்கள். ஒரு தாளை எட்டுச் சமபாகங்களாக மடித்துப் பகுக்கச் சொல்லுங்கள். பகுத்த எண்ணிக்கை பகுதி, அதாவது 8. அவற்றுள் மூன்று பாகங்களுக்கு வண்ணம் தீட்டித் தொகுக்கச் சொல்லுங்கள். தொகுத்த எண்ணிக்கை தொகுதி, அதாவது 3. பகுத்த பிறகுதான் தொகுக்க முடியும் என்பதால், "எட்டில் மூன்று" என்று தமிழில் கீழ் எண்ணை முதலில் சொல்வதும் அவனுக்கு இயல்பாகப் பொருந்திவிடும்.

பூஜ்ஜியம் ஒற்றை எண்ணா, இரட்டை எண்ணா? ஒன்று பகா எண் ஆகுமா?
— ஐந்தாம் வகுப்பு மாணவி, வில்லிவாக்கம்

பூஜ்ஜியம் இரட்டை எண்; இரண்டால் வகுத்தால் மீதி வருவதில்லை. ஒன்று பகா எண்ணும் அல்ல, பகு எண்ணும் அல்ல. பகா எண்ணுக்கு ஒன்று, அதே எண் என இரண்டு வெவ்வேறு காரணிகள் இருக்க வேண்டும்; ஒன்றுக்கு ஒரே ஒரு காரணிதான் உண்டு. பகா எண்களுள் இரட்டை எண்ணாக இருப்பது 2 மட்டுமே.

வகுத்தலில் வகுபடும் எண், வகுத்தி, ஈவு, மீதி என்று நான்கு பெயர்கள். இவற்றை மூன்றாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்ய வேண்டுமா?
— வாசகர், தாம்பரம்

பெயர்கள் பின்னால் வரட்டும். ஈவு, மீதி ஆகிய இரண்டின் பொருள் முன்னால் வரட்டும். 26ஐ 4ஆல் வகுத்தால் ஈவு 6, மீதி 2. இதை எழுதிவிடுவதோடு பல வகுப்புகளில் பாடம் முடிந்துவிடுகிறது, ஆனால் அந்த மீதி 2ஐ என்ன செய்வது என்பதைக் கணக்கின் சூழல்தான் சொல்லும். மெரினா ராட்டினத்தில் ஒரு பெட்டிக்கு நான்கு பிள்ளைகள் வீதம் 26 பேரையும் ஏற்ற ஏழு பெட்டிகள் வேண்டும். இரண்டு பேரைக் கீழே விட்டுவிட முடியாது. 26 ரூபாயில் நான்கு ரூபாய்ப் பேனா எத்தனை வாங்கலாம் என்றால் ஆறுதான். இரண்டு ரூபாய் கையில் மிஞ்சும். 26 லட்டுகளை நால்வருக்குப் பங்கிட்டால் மீதியையும் பாதி பாதியாக்கி ஆளுக்கு ஆறரை தரலாம். ஒரே வகுத்தலுக்கு மூன்று விடைகள் வருவதைக் குழந்தை தானே கண்டுகொண்டால், ஈவும் மீதியும் மறக்கவே மறக்காது. நான்காம் வகுப்பில், வகுத்தியை ஈவால் பெருக்கி மீதியைக் கூட்டினால் வகுபடும் எண் வரும் என்று சரிபார்க்கும்போது, மற்ற இரண்டு பெயர்களும் தாமாகவே பழகிவிடும்.

3.25, 3.7 ஆகியவற்றுள் 3.25தான் பெரியது என்று என் மகன் அடித்துச் சொல்கிறான். என்ன செய்யலாம்?
— வாசகி, கொளத்தூர்

அவன் அதை "மூன்று புள்ளி இருபத்தைந்து" என்று படிக்கிறானா என்று பாருங்கள். விலையைச் சொல்லும் பழக்கத்தில் நாமும் அப்படித்தான் படிக்கிறோம். இருபத்தைந்து என்று வாய் சொன்ன பிறகு, அது ஏழைவிடப் பெரியது என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. "மூன்று புள்ளி இரண்டு ஐந்து" என்று இலக்கம் இலக்கமாகப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு 3.7ஐ 3.70 என்று எழுதி, இரண்டையும் ரூபாயும் பைசாவுமாகச் சொல்லச் சொன்னால் தானே திருத்திக்கொள்வான்.

தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் கணக்குச் சொற்களை ஒருசேரக் கற்க எந்த நூல் உதவும்?
— வாசகர், திருவான்மியூர்

தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகத்தின் கணக்குப் பாடநூலே போதும். ஒரே வகுப்புக்கான தமிழ் வழி நூலையும் ஆங்கில வழி நூலையும் அருகருகே வைத்துக்கொள்ளுங்கள். பாடவரிசையும் கணக்குகளும் ஒன்றே என்பதால், ஒரு நூலில் படித்த கணக்கை மற்றதில் எளிதாகக் கண்டுபிடித்து ஒப்பிடலாம். இரண்டையும் இணையத்திலிருந்து இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ள முடியும். குழந்தை இப்போது படிக்கும் வகுப்பின் நூலோடு தொடங்காமல், அதற்கு முந்தைய வகுப்பின் நூலை முதலில் எடுங்கள். அந்தக் கணக்குகளுக்கு விடை ஏற்கெனவே தெரிந்திருக்கும், ஆகவே கவனம் முழுவதும் சொல்லின் மேலும் வாக்கியத்தின் மேலும் இருக்கும்.